முழங்காலுக்குத் தாவிய ஜெபம்

என் தம்பி போதகராவதற்காக இறையியல் கல்லூரிக்குப் போனதில் எங்கள் வீட்டுக்கு ஏற்பட்ட முதல் நஷ்டம், சூடான சாப்பாடு.

அதுவரை சாப்பாட்டு மேசையில் ஜெபம் பண்ணுவது அம்மாதான். "ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம்" என்று ஆரம்பிப்பாள். பக்கத்து வீட்டுக்காரியின் முழங்கால் வலி, குழாயில் வராத தண்ணீர், அப்பா ஓட்டும் பஸ்ஸின் தேய்ந்த டயர், எனக்கு அமையாத மாப்பிள்ளை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டு, தட்டில் ஆவி அடங்குவதற்குள் ஆமென் சொல்லிவிடுவாள். மாப்பிள்ளை விஷயத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

கல்லூரியில் பிரசங்க வகுப்பு என்று ஒன்று இருக்கிறதாம். ஒருவன் பிரசங்கம் பண்ணி முடித்ததும் மற்றவர்கள் எழுந்து குறை சொல்ல வேண்டும். முன்னுரை எப்படி, மூன்று குறிப்புகள் இருந்தனவா, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இணைப்பு இருந்ததா என்று பிய்த்து உதற வேண்டும். அங்கே அது பாடம். எங்கள் வீட்டுத் துரை அதை விடுமுறைக்கு வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

வந்த அன்று இரவு அம்மா ஆமென் சொன்னதும் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அம்மா, நல்லா இருந்துச்சு. ஆனா ஸ்தோத்திரத்துல ஆரம்பிச்சு திடீர்னு முழங்காலுக்குத் தாவிட்ட. நடுவுல இணைப்பே இல்ல."

நான் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்து, வீட்டுக்கு வரும்போது என்னிடம் பொறுமை பாட்டிலின் அடியில் ஒட்டியிருக்கும் அளவுக்குத்தான் மிச்சம் இருக்கும். கையிலிருந்த கரண்டியை ஓங்கிவிட்டேன். அம்மா அவனைத் திட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவளோ, "அப்படியாடா தம்பி" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டாள். அடுத்த வேளை, "நீயே பண்ணுப்பா, நீ படிச்சவன்" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

அவனும் பண்ணினான். மூன்று குறிப்பு, ஒவ்வொன்றுக்கும் உட்குறிப்பு. அவன் மூச்சு வாங்க நிறுத்திய இடத்திலெல்லாம் அப்பா "ஆமென்" என்று பிரேக் போட்டுப் பார்த்தார். வண்டி நிற்கவில்லை. விடுமுறை முடியும்வரை நாங்கள் ஆறிப்போன சோற்றைத்தான் தின்றோம். அம்மா அதன்பிறகு எங்கள் காதில் விழும்படி ஜெபிக்கவே இல்லை.

கல்லூரிக்குத் திரும்பியவன் கிரேக்கத்தில் முதல் மார்க் வாங்கினான். சபை வரலாற்றிலும் முதல் மார்க். பிரசங்கப் பரீட்சைதான் ஊத்திக்கொண்டது. "எலும்பெல்லாம் சரியா இருக்கு தம்பி, உயிரைத்தான் காணோம்" என்று பேராசிரியர் உட்கார வைத்துவிட்டாராம். இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் அந்த வருஷத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும்.

எனக்குப் போன் போட்டான்.

"அக்கா, எனக்கு ஜெபம் வரல."

"வராம எங்கடா போச்சு?"

"கண்ண மூடி 'கர்த்தாவே'ன்னு சொன்ன உடனே, முன்னுரை பலவீனம்னு உள்ளேருந்து ஒருத்தன் சொல்றான்க்கா."

"அவன் பேரு கொழுப்பு."

சொல்லிவிட்டேனே தவிர, அவன் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சியது கேட்டு எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அரிச்சுவடி படிக்கும் முன்பே ஜெபிக்கக் கற்றுக்கொண்ட பயல் அவன்.

மறுபரீட்சை அன்று காலையில் மறுபடியும் கூப்பிட்டான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எந்தப் பரீட்சைக்கும் அம்மா தலையில் கை வைத்து ஜெபிக்காமல் அவன் போனதில்லை. நான் போனை அடுப்பு மேடையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அம்மா, எனக்கு ஜெபம் பண்ணும்மா."

"நான் எதுக்குப்பா? எனக்கு இணைப்பெல்லாம் வராதே."

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கூச்சப்பட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அவன் கெடக்கான் கிறுக்கன், நீ பண்ணு" என்று கையைப் பிடித்து இழுத்தேன். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, மேடை ஏறியவள் மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

"முதலாவதாக, கர்த்தாவே, உமக்கு ஸ்தோத்திரம். இரண்டாவதாக, கர்த்தாவே, என் மகனுக்குப் பரீட்சை. மூன்றாவதாக..."

மூன்றாவது வரவில்லை. அம்மாவின் காது சிவந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கியது. கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். அணைத்த வேகத்தில் மேடையும் மறந்துபோனது.

"ஆண்டவரே, இந்தப் பய சாப்பிட்டானா இல்லையான்னு தெரியல, நீர்தான் பாத்துக்கொள்ளும். அந்த வாத்தியாருக்குக் கண்ணுல ஆபரேஷன்னு சொன்னான், அந்தக் கண்ண நல்லாக்கும், கோவமா இருந்தா கோவத்தையும் ஆத்தும். கூடப் படிக்கிற பசங்க பாவம், அவங்களுக்கும் பயமா இருக்கும். இவனுக்கு ஏதாச்சும் மறந்துபோச்சுன்னா நீரே பக்கத்துல நின்னு சொல்லிக்கொடும், எனக்கும் மூணாவது மறந்துபோச்சு ஆண்டவரே, ஆமென்."

போனில் அவன் விம்மி அழுவது கேட்டது. "மன்னிச்சிரும்மா" என்றான். "போடா, போய்ச் சாப்பிடு" என்றாள் அம்மா.

மற்றதை அவன் சாயங்காலம் சொன்னான். முதல் குறிப்பும் இரண்டாவதும் ஒழுங்காகப் போனதாம். மூன்றாவது சுத்தமாக மறந்துவிட்டது. உள்ளே இருப்பவன் வாயைத் திறப்பதற்குள் இவன் கண்ணை மூடி, "ஆண்டவரே, எனக்கு மூணாவது மறந்துபோச்சு" என்று ஆரம்பித்துவிட்டான். பேராசிரியரின் கண், அறை நண்பனின் பயம், ஹாஸ்டல் சமையல்காரருக்குத் தள்ளிப்போகும் லீவு என்று ஒன்றையும் விடவில்லை. குறை சொல்ல வேண்டிய மாணவர்கள் எல்லாரும் கண்ணை மூடிவிட்டதால் யாரும் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. பேராசிரியர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, மூன்றாம் குறிப்புக்கு உண்டான மார்க்கைப் பிடித்துக்கொண்டு தேர்ச்சி போட்டாராம்.

அடுத்த விடுமுறைக்கு வந்தான். சாப்பாடு பரிமாறியாயிற்று. எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தோம். அவன், "அம்மா, நீ பண்ணு" என்றான்.

அம்மா ஸ்தோத்திரம் சொன்னாள். மகன் பாஸானதற்கு, பஸ்ஸுக்குப் புது டயர் வந்ததற்கு, இன்னும் அமையாத என் மாப்பிள்ளைக்கு, எல்லாவற்றுக்கும் ஜெபித்து ஆமென் சொல்லிவிட்டு ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

"இணைப்பு இருந்துச்சாடா?"

அவன் இன்னும் கண்ணை மூடியபடியே இருந்தான். "கவனிக்கலம்மா. ஆனா பக்கத்து வீட்டு அம்மாவோட முழங்கால விட்டுட்ட. இன்னொரு வாட்டி பண்ணு."

அப்பா வாய்வரை கொண்டுபோன கவளத்தைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.