ஆளுக்கு மூன்று மீட்டர்

எங்கள் படையில் ஒரு கட்டளைக்கு இரண்டு குரல்கள் வேண்டும். முதலில் மேஜர் சொல்ல வேண்டும். பிறகு அரசியல் அதிகாரி "ஏற்கிறேன்" என்று சொல்ல வேண்டும். இரண்டும் பதிவுக் கருவியில் விழுந்தால்தான் காவல் முனைகளில் நிற்கும் பனி வண்டிகளின் பூட்டு திறக்கும். ஒரு குரல் மட்டும் என்றால் வண்டி வெறும் இரும்புப் பெட்டி. ஓட நினைக்கும் கோழை மேஜரிடமிருந்து படையைக் காப்பாற்றவே இந்த ஏற்பாடு என்று பயிற்சி முகாமில் சொல்லிக் கொடுத்தார்கள். அதிகாரிக்கே புத்தி பிசகினால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பவர்களை எங்கே அனுப்புவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

என் பெயர் ஃபைனா. வியாழனின் நிலவான யூரோப்பாவில், வடக்குக் கட்டளை அறையில் தகவல் தொடர்பு சார்ஜென்ட். முனைகளிலிருந்து வரும் ஒவ்வொரு அறிக்கையும் என் கை வழியாகத்தான் போகும். மேஜர் பெலியாக் என் மேசைக்கு இடப்பக்கம், அரசியல் அதிகாரி லோபோவா வலப்பக்கம். இரண்டு பேரும் முறைத்துக்கொள்வது என் தலைக்கு மேல்தான் நடக்கும்.

பெலியாக்கை எல்லோரும் பெரியவர் என்போம். பனியில் முப்பது வருடம் கிடந்தவர். குளிர் அவரிடமிருந்து இரண்டு விரல்களைப் பிடுங்கிக்கொண்டது, கெட்ட வாயைக் கொடுத்தது. லோபோவா வந்து நான்கு மாதம். அவள் முட்டாளாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் முட்டாள் இல்லை. எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை படிப்பாள். ஒரு எண் உதைத்தால் முகத்தைப் பார்த்துக் கேட்பாள்.

ஏழாம் முனை எங்களுக்கு முன்னால் நாற்பது கிலோமீட்டரில் இருந்தது. கீழே கடல், மேலே பனி, பனியின்மேல் ஒரு தண்ணீர்க் கிணறு, அதைக் காக்க முப்பத்திரண்டு பேர். மூன்றரை நாளுக்கு ஒருமுறை வியாழன் இழுக்கும்போது பனி எழும்பி இறங்கும். நாங்கள் அதை மூச்சு என்போம். பனி பதினைந்து மீட்டர் தடித்திருந்தால் மூச்சைத் தாங்கும் என்பது விதி. அதற்குக் கீழே போனால் பிளக்கலாம்.

அங்கே துளை போட்டு அளப்பவள் என் தங்கை லூஷா.

அன்றைக்கு வரவிருந்தது பெரிய மூச்சு. வர இரண்டு மணி நேரம் இருந்தது. ஏழாம் முனையிலிருந்து கெட்டிப் பனிக்கு வர வண்டிக்கு ஒரு மணி பத்து நிமிடம் பிடிக்கும்.

பெரியவர் காதில் கருவியை வைத்து முனையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து பதிவுக் கருவியின் முன்னால் போய் நின்றார்.

"ஏழாம் முனை பின்வாங்கணும். மூணு வண்டியும், எல்லா ஆளும். மேஜர் பெலியாக்."

கருவியில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. இரண்டாவது எரியவில்லை.

லோபோவா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

"பனி முனகுது. காதை வெச்சுக் கேளுங்க."

"பனி எப்பவும்தான் முனகுது. காலையில வந்த அறிக்கை இருபத்திரெண்டு மீட்டர்னு சொல்லுது."

"அந்தக் காகிதம் பொய்."

"யாரு சொன்ன பொய்?"

பெரியவர் காதுக் கருவியை அவளிடம் நீட்டினார்.

"பேரைச் சொல்லுங்க மேஜர். இப்பவே அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு 'ஏற்கிறேன்'னு சொல்றேன். சொல்ல முடியலேன்னா அது உங்க பயம். மேலிடம் 'நில்'லுன்னு சொல்லியிருக்கு. பிடிக்காதப்பல்லாம் ஒரு மேஜர் 'காகிதம் பொய்'யின்னு சொல்லலாம்னா அப்புறம் காகிதம் எதுக்கு? நான் எதுக்கு?"

"அதைத்தான் நானும் நாலு மாசமா யோசிச்சுக்கிட்டிருக்கேன், கப்பித்தோலினா இவானோவ்னா!"

லோபோவாவை அவர் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் காகிதத்தில் பொய் சொன்னவள் நான்.

இதைப் புரிய வைக்க இரண்டு மாதம் பின்னால் போக வேண்டும். நான்காம் முனையில் துளை போட்ட ஒருவன் பதினான்கு என்று எழுதிவிட்டு, முனையைக் காலி செய்யலாமா என்று கேட்டான். அந்த மூச்சில் பனி பிளக்கவில்லை. அவநம்பிக்கை பரப்பினான் என்று அவனைத் தண்டனைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அனுப்பிய காகிதத்தில் இருந்தது லோபோவாவின் கையெழுத்து. அதோடு புதிதாக ஒரு சட்டமும் வந்தது: பனி இருபதுக்குக் கீழே இருந்தால் துளை போட்டவர் விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் எழுதியவர்கள் யாரும் உருப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தப் பெரிய மூச்சு வரவிருந்த அன்று காலை ஏழாம் முனையிலிருந்து வந்த எண் பத்தொன்பது. லூஷா விளக்கம் எழுத உட்கார்ந்திருப்பதை நினைத்தேன். பத்தொன்பது ஆபத்து இல்லையே, பதினைந்துக்கு மேலே நான்கு மீட்டர் இருக்கிறதே என்று மூன்றைக் கூட்டி இருபத்திரண்டு ஆக்கினேன். அதற்கு முன்னாலும் பல தடவை செய்ததுதான். செய்துவிட்டு நிம்மதியாகக் கருப்பு ரொட்டி தின்றேன்.

இப்போது பெரியவரும் லோபோவாவும் கத்திக்கொண்டிருக்க, நான் தலையைக் குனிந்து ஏழாம் முனையின் தனித் தொடர்புத் தடத்தைத் திறந்தேன்.

"லூஷா. நான்தான். பனி எவ்வளவுடி?"

"அனுப்பியாச்சேக்கா."

"அனுப்பினதைக் கேக்கல. அளந்ததைக் கேக்கறேன்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். பிறகு, "பதிமூணு," என்றாள்.

"அடிப்பாவி! எனக்குப் பத்தொன்பதுன்னு வந்திருக்குடி."

"நான் பதினாறுன்னுதான் எழுதிக் குடுத்தேன். பதிமூணுன்னு எழுதினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? பெரியவர் எப்படியும் வர்ற எண் எல்லாத்துலயும் அஞ்சை வெட்டுவாரே. பதினாறு போனா பதினொண்ணுன்னு எடுத்துக்கிட்டு எங்களைக் கூப்பிட்டுக்குவாருன்னு நினைச்சேன். அப்போ தெமிட் அண்ணனும் மூணு போட்டுட்டாரா? கடவுளே... நீயும் போட்டியாக்கா?"

தெமிட் அந்த முனையின் சார்ஜென்ட். மூன்று பேரும் ஆளுக்கு மூன்று மீட்டர் போட்டிருக்கிறோம். கூட்டுவது தான் மட்டுமே என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம். பனியில் ஒன்பது மீட்டர் எங்கள் பேனாவிலிருந்து முளைத்தது.

தலையைத் தூக்கினேன். லோபோவா சட்டப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கதவோரத்துக் காவலர் இருவரும் விறைத்து நின்றார்கள். பன்னிரண்டாம் பிரிவை முழுதாகப் படித்து முடித்தால் மேஜர் பதவியிழப்பார். கட்டளை லோபோவாவின் கைக்குப் போகும். காகிதத்தில் இருபத்திரண்டு இருக்கும்வரை அவள் கட்டளை என்னவென்று சொல்லத் தேவையில்லை.

"போர்க்களத்தில் ஆதாரமின்றி அச்சம் காட்டும் தளபதியை..." என்று ஆரம்பித்தாள்.

"படிங்க, நல்லா உரக்கப் படிங்க," என்றார் பெரியவர். "முப்பத்திரெண்டு பேருக்கும் கேக்கட்டும்."

"தோழர் லோபோவா!" நான் எழுந்து நின்றுவிட்டேன். "நான் கூட்டினேன். வந்தது பத்தொன்பது. நான் மூணு போட்டேன்."

அவள் புத்தகத்தில் விரலை வைத்தபடி என்னைப் பார்த்தாள். கோபத்தை எதிர்பார்த்தேன். கோபம் இல்லை. கணக்குப் போட்டாள்.

"பதிவுக் கருவியில சொல்லுங்க. பேரோட."

சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"சரி. இருபத்திரெண்டு போச்சு. பத்தொன்பது. விதி பதினஞ்சு. நிக்கலாம்." மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள்.

"தெமிட்! முனை சார்ஜென்ட் தெமிட்! அவரும் மூணு கூட்டினார்."

தெமிட்டின் பெயரைச் சொல்ல எனக்கு அரை விநாடிகூட ஆகவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. அவருக்கு இரண்டு பிள்ளைகள். பண்டிகைக்கு எனக்குப் புகைமீன் அனுப்புவார். இருந்தும் வெட்கமில்லாமல் தூக்கிக் கொடுத்தேன்.

"பதினாறு," என்றாள் லோபோவா. இப்போது அவள் குரலும் சன்னமாகியிருந்தது. "இன்னும் ஒரு மீட்டர் மேலதான் இருக்கு."

"ஒரு மீட்டருக்காக முப்பத்திரெண்டு பேரைக் கொல்லுவியாம்மா நீ?" பெரியவர் மேசையைக் குத்தினார். என் டீ சிந்தியது.

"ஒரு மீட்டருக்காகப் பின்வாங்கலாமான்னு கேட்டவனை நான்தான் தண்டனைப் பிரிவுக்கு அனுப்பினேன் மேஜர். இப்போ நீங்க சொன்னதும் விட்டுட்டா, அவன் முகத்துல எப்படி முழிக்கறது?" அவள் என் பக்கம் திரும்பினாள். "துளை போட்டவர் எவ்வளவு அளந்தார்?"

மூச்சு வர ஒரு மணி இருபத்தைந்து நிமிடம்தான் இருந்தது.

சொன்னால் லூஷா உயிரோடு வருவாள், வந்ததும் தண்டனைப் பிரிவுக்குப் போவாள். சொல்லாவிட்டால் நல்ல பெயரோடு கடலுக்குள் போவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கு இருந்தது. எங்கள் அம்மா இறந்தபோது லூஷாவுக்குப் பன்னிரண்டு வயது. அவளைப் பற்றி யாரிடமும் ஒரு புகார் சொல்லாமல் வளர்த்தேன்.

"அவளும் மூணு கூட்டினா," என்றேன். "என் தங்கச்சி. லூஷா. அளந்தது பதிமூணு."

"நீங்க சொன்னா போதாது. அவங்க குரல் வேணும்." லோபோவா தானே போய்ப் பொதுத் தடத்தைத் திறந்தாள். "ஏழாம் முனை. துளை போடற லூஷா. இது அரசியல் அதிகாரி. நீங்க அளந்தது எவ்வளவு?"

முனையில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். பனி பல்லைக் கடிப்பது போல நெரிந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே என் தங்கையின் குரல், பள்ளியில் பாடம் ஒப்பிப்பது போல, துளி நடுக்கமில்லாமல் வந்தது.

"பதினாறு மீட்டர், தோழர்."

லோபோவா கண்ணை மூடிக்கொண்டாள். பெரியவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். நான் மேசைமேல் பாய்ந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினேன்.

"லூஷா, பொய் சொல்லாதேடி. நான் சொல்லிட்டேன். உன் பேரைச் சொல்லிட்டேன்."

"என்னது?"

"உன் பேரைக் குடுத்துட்டேன்டி. பதிவாயிடுச்சு. இனிமே மறைச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. எண்ணைச் சொல்லு."

பத்து விநாடி இருக்கும். அந்தப் பத்து விநாடியில் அவள் என்னைப் பற்றி என்ன நினைத்தாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

"பதிமூணு," என்றாள். பிறகு மெதுவாக, "போதுமாக்கா?" என்றாள்.

"ஏற்கிறேன்," என்றாள் லோபோவா. "அரசியல் அதிகாரி லோபோவா. ஏற்கிறேன்."

இரண்டாவது பச்சை விளக்கு எரிந்தது. மூன்று வண்டிகளும் உறுமுவது தடத்தில் கேட்டது. மூச்சு வந்தபோது கடைசி வண்டி கெட்டிப் பனியில் ஏறி நான்கு நிமிடம் ஆகியிருந்தது. கிணறு, குடில்கள், துளைக் கருவி எல்லாம் உள்ளே போயின. ஆள் ஒருவர்கூடப் போகவில்லை.

அந்த நான்கு நிமிடம் கழிந்த பிறகுதான் லோபோவா பெரியவரைப் பார்த்துக் கேட்டாள். "எல்லாரும் கூட்டறாங்கன்னு உங்களுக்கு ரொம்ப நாளாத் தெரியும். வாரா வாரம் எப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?"

"சொல்லியிருந்தா பாதிப் பேரைத் தண்டனைப் பிரிவுக்கு அனுப்பியிருப்பீங்க."

"ஆமா, அனுப்பியிருப்பேன்," என்றாள். என்னிடம் திரும்பி, "மேலிடத்துக்கு அறிக்கை எழுதுங்க. தடிமன் பதிமூணு. கூட்டினவங்க பேர் நாலு," என்றாள்.

"மூணு பேர்தானே, தோழர்?"

"உங்க இருபத்திரெண்டை நான் மேல அனுப்பும்போது இருபத்தஞ்சுன்னு அனுப்பினேன்," என்றாள். "கீழ பயம் இருக்குன்னு நினைப்பாங்களேன்னு. என் பேரையும் எழுதுங்க."

எழுதினேன். மேலிடத்திலிருந்து திரும்பி வந்த தீர்ப்பில் மூன்று பெயர்தான் இருந்தது. அரசியல் அதிகாரியின் பெயர் அப்படிப்பட்ட காகிதத்தில் வரக்கூடாதாம். அவள் இரண்டு தடவை எழுதிக் கேட்டாள், இரண்டு தடவையும் அடித்துவிட்டார்கள். தெரிந்தும் மறைத்ததற்காகப் பெரியவரின் பதவியைப் பிடுங்கினார்கள். இன்று லோபோவா அதே மேசையில் புது மேஜருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

நான் இதை எழுதுவது தண்டனைப் பிரிவின் குடிலிலிருந்து. தெமிட் தினமும் காலையில் என்னை நாலு கெட்ட வார்த்தை திட்டிவிட்டு எனக்கும் சேர்த்துக் கஞ்சி வாங்கி வருகிறார். எங்கள் வேலை, யாரும் மிதிக்காத மெல்லிய பனியில் முதலில் போய்த் துளை போடுவது. இங்கே யாரும் எண்ணைக் கூட்டுவதில்லை, இதற்குமேல் எங்களை அனுப்ப இடம் இல்லை. எங்களிடமிருந்து வரும் அளவைத்தான் இப்போது படை முழுக்க நம்புகிறார்கள் என்று கேள்வி.

லூஷா துளை போடுகிறாள், நான் பக்கத்தில் நின்று எழுதுகிறேன். ஏழு மாதமாகிறது. என்னோடு அவள் வேறு எதுவும் பேசுவதில்லை. கயிற்றை மேலே இழுத்து, விளக்கைப் பிடித்துப் பார்த்து, எண்ணை மட்டும் சொல்கிறாள். இன்று காலை ஆறு என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த ஆறின்மேல் நின்றுகொண்டிருந்தோம். நான் ஆறு என்று எழுதினேன்.