டிவியில நான் சொன்னது

வாயாடி சின்னம்மைன்னுதான் என்னையச் சொல்லுவாங்க. சொல்லட்டும். தேவாலாவுல, எங்க தேயிலை எஸ்டேட்டு லயத்து வீடுகள்ல வாயில்லாமப் பொழைக்க முடியுங்களா? ஆனா என் மகன் தினகரன் விசயத்துல நான் பேசுனது தப்புன்னு ஊரே சொல்லுது.

தினகரன் நேவியில இருக்கான். ரெண்டு நாடு எங்களுது எங்களுதுன்னு அடிச்சுக்கிற கடல்ல ரோந்து போனப்ப, போட்டோட சேத்து அவனையும் கூட இருந்தவங்களையும் அந்த நாட்டுக்காரங்க புடிச்சு வச்சுக்கிட்டாங்க. எல்லைக்குள்ள வந்துட்டாங்கன்னு அவங்க ஒரு படம் காட்டுறாங்க. வரவே இல்லன்னு நம்ம ஆளுங்க ஒரு படம் காட்டுறாங்க. நானும் டிவி முன்னால உக்காந்து பாத்தேன். ரெண்டுலயும் அதே கடல், அதே போட்டு, கோடு மட்டும் எடம் மாறிக் கெடக்கு. அட கருமமே, கடல்ல எவன்யா கோடு போட்டான்?

எனக்கு எந்தப் படம் நெசமா இருந்தா என்ன? புள்ள வீடு வந்து சேரணும். எனக்குச் சோறு எறங்கல. என் வீட்டுக்காரர் பரமசிவன் பேசுறதையே விட்டுட்டாரு.

அப்பத்தான் டிவியிலருந்து ரேணுகான்னு ஒரு பொண்ணு மைக்கோட வந்துச்சு. "உங்க மகன் எல்லை தாண்டியிருப்பாராம்மா?"ன்னு கேட்டுச்சு.

எங்க மலையில ஒரு வழக்கம் இருக்குங்க. மழைக்காலத்துல மிஸ்ட்டு, அதான் மூடுபனி, எறங்கிட்டா பக்கத்துல நிக்கிற ஆளு தெரியாது. கொழுந்து பறிச்சுக்கிட்டே அடுத்த எஸ்டேட்டுக்குள்ள போயிருவோம். அங்க வாட்சர் புடிச்சு உக்கார வச்சிருவாரு. எங்க சூப்பர்வைசர் போய், "மிஸ்ட்டுல தெரியாம வந்துருச்சுங்க, மன்னிச்சு விட்டுருங்க"ம்பாரு. கொழுந்தை வச்சுக்கிட்டு ஆளை விட்டுருவாங்க. தாண்டுனாளா இல்லையான்னு யாரும் வழக்காடுறதில்ல. வழக்காடுனா பொழுது சாயுற வரைக்கும் அங்கயே உக்காந்திருக்க வேண்டியதுதான். ஒருக்கா எங்ககூடக் கொழுந்து பறிக்கிற சுகுணா தாண்டவே இல்ல, அவளுக்கும் இதையே சொல்லித்தான் கூட்டியாந்தோம்.

அதே நெனப்புல சொன்னேன். "கடல்லயும் மிஸ்ட்டு இருந்திருக்கும்மா. புள்ள தெரியாமப் போயிருப்பான். அந்த நாட்டுப் பெரியவங்க மன்னிச்சு விட்டுருங்க." சொல்லிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் டீக்கடை ரஹ்மத்துல்லா பாய் கூப்பிட்டு, போனைக் காட்டுனாரு. அந்த நாட்டு டிவியில என் மூஞ்சி. பெத்த தாயே ஒத்துக்கிட்டாங்கன்னு அதையும் ஒரு சாட்சியாப் போட்டுட்டாங்களாம். "என்ன சின்னம்மை, இப்படிப் பண்ணிட்டியே"ன்னாரு பாய். பைப்படியில பொம்பளைங்க என்னையக் கண்டதும் குடத்தை எடுத்துக்கிட்டு நகந்தாங்க. நேவி ஆபீசர் ஒருத்தர் போன் பண்ணி, "இனிமே யாருகிட்டயும் பேசாதீங்கம்மா"ன்னு மரியாதையாத்தான் சொன்னாரு. அந்த மரியாதைதான் எனக்குச் சுருக்குன்னுச்சு.

பரமசிவன் அன்னிக்குத்தான் வாயைத் தொறந்தாரு. "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?"

"நீங்க சும்மா இருந்து என்னத்தக் கிழிச்சீங்க?"ன்னு கேட்டேன். கேட்டுட்டு அழுதேன்.

ஒரு வாரம் கழிச்சு எல்லாரையும் வீட்டுக்குப் போன் பேச விட்டாங்க. தினகரன் கொரலைக் கேட்டதும் எனக்கு உசுரு வந்துச்சு.

"நல்லாருக்கேம்மா. அடிக்கல. சாப்பாடு குடுக்குறாங்க. எங்க எல்லாரையும் விட்டுருவாங்க போல."

"என் சாமி! எப்படிடா?"

"எல்லை தாண்டுனோம்னு கேமரா முன்னாடி சொல்லிட்டேன்."

"அவ்வளவுதானே? சொன்னா என்ன கொறஞ்சா போச்சு?"



"கூட இருக்குறவங்க யாரும் சொல்லலம்மா. நானும் சொல்லாமத்தான் இருந்தேன். நீ கும்பிட்டதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுனாங்க. தாங்க முடியல. இப்ப இங்க ஒருத்தரும் எங்கிட்ட பேசுறதில்ல. நாங்க தாண்டவே இல்லம்மா."

 

"என்னையத் திட்டுடா"ன்னேன். "இப்ப போன்ல வேணாம். வீட்டுக்கு வா. வந்து, என் மூஞ்சியப் பாத்து, உன் ஆத்திரம் தீர்ற வரைக்கும் திட்டு."