பத்து விநாடியில் நாற்பது

அந்தக் கூடத்தில் ஒரு விதி இருந்தது. சுவரில் எழுதி மாட்டியிருந்த பதினோரு விதிகளில் அது இல்லை. குத்துகிறவரின் முஷ்டி வந்து சேர்வதற்குச் சற்று முன்பாக, குத்தை வாங்கிக்கொள்ளும் மெத்தையான பேடைப் பிடித்திருப்பவர் அதை ஒரு விரற்கடை முன்னே கொண்டுபோய் எதிர்கொள்ள வேண்டும். கொண்டுபோனதைப் பற்றி ஒருபோதும் வாய் திறக்கக் கூடாது. தூரம் குறைவதால் எண்ணிக்கை கூடும், ஓசையும் பளீரென்று விழும், குத்தியவர் தன் கை மின்னலாகிவிட்டதென்று நம்பி அடுத்த வாரமும் படியேறி வருவார். இதை அங்கே 'உயிரோடு பிடிப்பது' என்றார்கள். அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்டதில்லை.

சலவைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்த அந்தக் குங்ஃபூ கூடத்துக்கு வந்தவர்களில் எவரும் போட்டிக்குப் போகிறவர் அல்லர். வாரமெல்லாம் யாரிடமாவது தோற்றுவிட்டு வருகிறவர்களுக்கு, ஞாயிறு காலையில் ஓர் எண் ஏறினால் போதுமாயிருந்தது. முழங்கால் தேய்ந்துபோன ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஸ்டாப் வாட்சும் கையுமாக உட்கார்ந்து, பத்து விநாடிக்குள் விழும் குத்துகளை எண்ணிக் கரும்பலகையில் எழுதுவார். அந்தப் பலகையில் எண்கள் ஏறித்தான் பழக்கம்.

அக்காவும் தம்பியும் அங்கே சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்கா கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸுகளைச் சட்டத்துக்குப் பொருந்தும்படி தேய்த்துக் கொடுக்கிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அவள் விரல் சொல்லிவிடும். தம்பி முடிதிருத்துகிறவன். அவன் குங்ஃபூ கற்க வந்தது எவரையும் அடிப்பதற்காக அன்று. தன் கையை வேவு பார்ப்பதற்காக.

அப்பாவின் நோய் கையில்தான் தொடங்கியது. நடுக்கமில்லை, வலியில்லை, வேகம் மட்டும் குறைந்தது. சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடிக்க முதலில் ஐந்து நிமிடம் ஆயிற்று, பிறகு கால்மணி. பிறகு பேச்சு இழுத்தது. கடைசியில் தண்ணீர்கூட இறங்கவில்லை. எல்லாம் சேர்த்து ஒன்பது ஆண்டுகள். அவர் போன பிறகு மருத்துவர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, இரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும். குணமாக்க முடியாது. ஆனால் தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் சில ஆண்டுகளைத் தள்ளிப்போட மருந்து இருக்கிறது. முற்றிவிட்டால் அதுவும் கேட்காது.

அக்கா இரத்தம் கொடுத்தாள். அவளுக்கு இல்லை. அந்தத் தாளைத் தம்பியிடம் காட்டியபோது, அவன் பங்கிலிருந்து எதையோ திருடிக்கொண்டு வந்தவளைப் போலக் கூசினாள். தம்பி சிரித்தான்.

"நல்லதுக்கா. பாதிக்குப் பாதின்னா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு. நீ நைசா தப்பிச்சுட்ட."

"கணக்கு அப்படி இல்லடா. தனித்தனிதான். நீயும் வந்து குடு."

"எனக்கு ஊசின்னா பயம்."

"விளையாடாத."

"சரி, ஒண்ணு சொல்றேன் கேளு. இப்ப நான் பத்து விநாடில நாப்பத்திரண்டு குத்தறேன். அது நாப்பதுக்குக் கீழ போற அன்னிக்கு நீ கூப்பிடவே வேணாம், உனக்கு முன்னாடி நான் ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்திருப்பேன். அதுவரைக்கும் இந்தப் பேச்சை எடுக்காத. என் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினாள். அவன் மேல் சத்தியம் பண்ணியதுதான் பிசகு என்பது பிற்பாடுதான் அவளுக்கு உறைத்தது.

குத்தின் வேகம் தோளில் இல்லை, தோளை மறப்பதில் இருக்கிறது என்பார் மாஸ்டர். முஷ்டியை வழியெல்லாம் இறுக்கிக்கொண்டு போனால் கை தன்னையே பிடித்து இழுத்துக்கொள்ளும். தொடுகிற கணத்தில் மட்டும் மூட வேண்டும், போனதைவிட விரைவாகத் திரும்ப வேண்டும். தம்பி இதை இம்மி பிசகாமல் செய்தான். வீட்டில் கதவுநிலையிலிருந்து செய்தித்தாள் ஒன்றை நூலில் தொங்கவிட்டுக் காலையும் மாலையும் குத்தினான். விரைந்து போன குத்துக்குத் தாள் கிழியும். தயங்கிப் போன குத்துக்கு ஊஞ்சலாடும். முதல் ஆண்டு முழுக்க வீடெங்கும் கிழிசல். "கூட்டி மாளலைங்க அண்ணி, உங்க தம்பிக்குப் படிக்கற பேப்பர் மேல என்னதான் கோவமோ" என்று அவன் மனைவி அலுத்துக்கொள்வாள்.

இவ்வாண்டு மழை ஓய்ந்த பிறகு அவள் அலுத்துக்கொள்வதை நிறுத்தியிருந்தாள். ஒருநாள் அக்கா போனபோது, பத்து நாளுக்கு முந்தைய தாள் ஒரு கீறலும் இல்லாமல் நூலில் ஆடிக்கொண்டிருந்தது. "ஃபேன் காத்துக்கா, பேப்பர் நிக்கவே மாட்டேங்குது" என்றான் தம்பி. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். மின்விசிறி ஓடவில்லை.

அவளுக்கு அது புதுச்செய்தி அன்று. முதலில் கண்டுகொண்டது, ஞாயிறுதோறும் அவனுக்குப் பேட் பிடிக்கிற அவளுடைய முழங்கைதான். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான ஒரு விரற்கடையை அவள் கொடுத்தும், குத்துக்கும் குத்துக்கும் நடுவே ஒரு மயிரிழை ஓட்டை விழுந்திருந்தது. எண் முப்பத்தொன்பதில் நிற்கப்போகிறது என்பது கடைசி இரண்டு விநாடிகளில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கை தானாகப் பேடை மூன்று விரற்கடை முன்னே தள்ளியது. நாற்பத்தொன்று. தம்பி அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். அந்தக் கண்ணடிப்புக்காக அடுத்த வாரமும் தள்ளினாள். அதற்கடுத்த வாரம் நான்கு விரற்கடை. இப்போது ஒரு சாண். பலகையில் அவன் எண் நாற்பத்துநான்கு. அவள் தோள்பட்டையோ ஞாயிறு பிற்பகல்களில் கழன்று விழுவதுபோல வலித்தது.

"என்னம்மா இது, குத்தறவன் கல்லாட்டம் நிக்கறான், பேட் பிடிக்கற உனக்கு இப்படி வேர்க்குது?" என்று ஒருமுறை மருந்துக்கடைக்காரர் கேட்டுவிட்டார். அவருடைய குத்து தலையணை விழுவதுபோல ஒலிக்கும் என்பதால் அவருக்கு அங்கே 'இடி' என்று பெயர். கூடம் சிரித்தது, உடனே, தொடக்கூடாததைத் தொட்டுவிட்டதுபோல, சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது. இடியும் குனிந்து ஷூ நாடாவைக் கட்டத் தொடங்கினார். அவர் வெறுங்காலோடு இருந்தார்.

ஒருமுறை அவள் பேடை அசைக்காமல் பிடித்துப் பார்த்தாள். நான்கு குத்துக்குள் மாஸ்டர் வந்துவிட்டார். பகலில் லிஃப்டு பழுதுபார்க்கிற மனிதர். எது எங்கே இடறுகிறது என்பதை ஓசையிலேயே அறிகிறவர். பின்னாலிருந்து அவள் முழங்கையைப் பிடித்து முன்னே தள்ளினார்.

"உயிரோட பிடிம்மா."

"மாஸ்டர், அவனுக்கு..."

"தெரியும்மா." அவர் குரல் தாழ்ந்தது. "இங்க எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு குறைஞ்சுட்டுத்தான் இருக்கு. அதைச் சொல்றதுக்கா நாம வரோம்? பிடி."

பிடித்தாள். அவளுக்கும் அதுதான் எளிதாக இருந்தது. அவளுடைய தவிப்பெல்லாம் அங்கேதான் மூட்டம் போட்டிருந்தது: சொன்னால் அவன் உடைவான், சொல்லாவிட்டால் மருந்து கேட்கிற நாள் கடந்துபோகும், இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்காமல் ஞாயிறுதோறும் ஒரு விரற்கடையைத் தேர்ந்தெடுத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை படியேறும்போது தம்பி அவளை நிறுத்தினான். கீழே சலவைக்கடையின் நீராவி சன்னல்வழியாகப் புகுந்துகொண்டிருந்தது.

"அக்கா, முடிவு பண்ணிட்டோம்."

"என்ன?"

"குழந்தை." காது மடல்வரை சிவந்திருந்தான். "அவ ரெண்டு வருஷமா கேட்டுட்டே இருக்கா. எனக்கு வந்துட்டா அதுக்கும் வந்துடுமேன்னு நான்தான் தள்ளிப்போட்டுட்டு இருந்தேன். இப்ப நாப்பத்துநாலுக்கா! அப்பாவுக்கு என் வயசுல பொத்தானே போட முடியல."

அவள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள். இரும்பு சூடாக இருந்தது.

"டேய், நான் பேட் முன்னாடி கொண்டு வரேன்டா."

"தெரியும்."

"தெரியுமா?"

"யாருக்குத் தெரியாது? நம்மகூட வர்ற ஸ்கூல் வாத்தியாருக்கு நான் பிடிக்கும்போது கொண்டு போறதில்லையா? ஒரு விரக்கடை. எல்லாருக்கும் அதே ஒரு விரக்கடைதான? அப்ப கணக்கு சரியாயிடுது." அவன் அவள் தோளில் தட்டினான். "இதையெல்லாம் வெளிய சொல்லிட்டுத் திரியாத, மாஸ்டர் மனசு கஷ்டப்படும்."

"ஒரு விரக்கடை இல்லடா..."

அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போய்விட்டான். கால்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அன்றும் ஒரு சாண் கொடுத்தாள். நாற்பத்தைந்து. வீட்டுக்குப் போய்ப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். கழுவியவற்றையே எடுத்து மறுபடியும் கழுவினாள். பிறக்காத ஒரு குழந்தையின் விரல்கள், சட்டைப் பொத்தானைத் தேடி மெல்ல ஊர்கிற விரல்கள், வாரம் முழுக்க அவள் தேய்த்த ஒவ்வொரு லென்ஸுக்குப் பின்னாலும் தெரிந்தன. புதன்கிழமை, ஏழு ஆண்டுகளில் முதன்முறையாக, ஒரு லென்ஸை உடைத்தாள்.

இந்த ஞாயிறு, தம்பியின் முறை வந்தபோது, அக்கா கூடத்தின் நடுவில் நிற்கவில்லை. தூணருகே போனாள். முதுகையும் முழங்கைகளையும் தூணில் ஒட்டவைத்து, பேடை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவன் நிற்க வேண்டிய இடத்தை ஒரு முழுக்கை நீளம் தள்ளிக் காலால் காட்டினாள்.

"இங்க எதுக்குக்கா?" என்றான் தம்பி.

"நடுவுல வாம்மா," என்றார் மாஸ்டர். "பேட் உயிரோட..."

"இல்ல மாஸ்டர்." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "நாம எல்லாரும் பேடை முன்னாடி கொண்டு வரோம். எல்லாரும்தான். இடி அண்ணனுக்கு வாத்தியார் கொண்டு வரார், வாத்தியாருக்கு இவன் கொண்டு போறான். எல்லாரும் ஒரு விரக்கடை. நான் இவனுக்கு ஒரு சாண் கொண்டு வரேன். ஆறு மாசமா." விரல்களை விரித்துக் காட்டினாள், எல்லோருக்கும் தெரியும்படி. "இவ்வளவு."

எவரும் எவரையும் பார்க்கவில்லை.

"இன்னிக்குக் கொண்டு வர மாட்டேன்டா. தூண் வராது. நீதான் வரணும்."

தம்பி மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் தம் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முகத்தில் முதலில் கோபம்தான் இருந்தது; நல்ல, உரத்த கோபம். அது அவனை விரைவாக்கும் என்று ஒரு கணம் அவள் முட்டாள்தனமாக நம்பினாள்.

தபால்காரர் வாட்சை அழுத்தினார்.

தோளை மறந்திருந்தான். முஷ்டி தளர்ந்து போய், தொடுகையில் மூடியது. சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் சரியாகவே செய்தான். ஆனாலும் ஒவ்வொரு குத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அந்த இடைவெளி வந்தது. அதில் கூடமே மூச்சை உள்ளிழுத்துவிட்டுக் காத்திருந்தது. ஏழாவது விநாடியில் அவன் கண்கள் தன் கைகளை விட்டு விலகி அவளிடம் வந்தன. குத்துவதை நிறுத்தவில்லை. அவளும் கண்ணை எடுக்கவில்லை. முழங்கைகளும் தூணை விட்டு நகரவில்லை.

வாட்ச் கூவியது. கடைசிக் குத்து பேடின் மேலேயே தங்கிவிட்டது. அவன் அதைத் திரும்ப இழுக்கவில்லை. அந்தக் கையின் கனத்தை அவள் நெஞ்சு தாங்கிக்கொண்டிருந்தது.

தபால்காரர் சுண்ணக்கட்டியோடு பலகைக்கு முன் நின்றார். நாற்பத்தைந்தை அழிக்கவும் இல்லை, எழுதவும் இல்லை. "வாட்ச் சரியா அமுங்கலைபோல..." என்று முணுமுணுத்தபடி மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரைப் பாக்காதீங்க சார்," என்றாள் அக்கா. "நானும் எண்ணினேன். முப்பத்தொண்ணு. எழுதுங்க."