கன்னத்தில் அடக்கிய பிஸ்கட்

1

இந்தக் கதை என்னுடையதில்லை, அக்காவிடமிருந்து சுட்டது. வயதான குரங்குகளை வைத்து ஆய்வு நடக்கும் கூடத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. பாதிக் குரங்குகளுக்கு வயிறு நிறையச் சாப்பாடு. மற்றவற்றுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. குறைத்துத் தின்றால் முதுமையில் ரத்தக் கொழுப்பு என்ன ஆகிறது என்று பார்க்கிறார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பசி என்பது ஒரு..." (அடித்துவிட்டேன். மூக்குமுட்டத் தின்றுவிட்டு எழுதிய வரி.)

2

நாயகர்கள் இருவர். அடுத்தடுத்த கூண்டு, நடுவே கம்பிவலை. குறைவாகத் தின்பவனுக்கு அக்கா வைத்த பெயர் அரைவயிறன். மற்றவன் சாப்பாட்டுராமன். மனிதக் கணக்கில் இருவருக்கும் எண்பது இருக்கும். ஊசியைக் கண்டால் தாமாகவே கையை நீட்டுவார்கள்.

ரத்தத்தைக் குழாயில் சுழற்றினால் மேலே தெளிநீர் பிரியும். ராமனுடையது கொழுப்பால் எப்போதும் கொஞ்சம் கலங்கல். ஒருமுறை அக்காவுடன் போயிருந்தபோது, அரைவயிறனுடைய குழாய்க்குப் பின்னால் விரல் வைத்துப் பார்த்தேன், ரேகை தெரிந்தது. அந்தக் கிழட்டு உடம்புக்குள் இத்தனை தெளிவா! மெய்சிலிர்த்துப் போனேன், பொய் சொல்லவில்லை.

3

ஒரு நாள் அதே அரைவயிறனின் குழாய் பாலாக வெளுத்திருந்தது. வெறும் வயிற்றில் எடுத்த அவன் ரத்தம் அப்படி வெளுத்ததே இல்லை. யாரோ தீனி போட்டிருக்க வேண்டும்.

(இங்கே ஒரு கெட்ட காவலாளியை நுழைத்தேன். மீசைகூட வைத்தேன்.)

"அந்தாள விடுடா, பாவம்," என்றாள் அக்கா. "தப்பு எங்க மேலதான். முந்தின நாளே எல்லாத் தட்டையும் எடுத்துட்டோம். கன்னத்தப் பாக்கல."

அடிக்குறிப்பு: இவற்றுக்குக் கன்னத்துக்குள் பை உண்டு. விழுங்காமல் அடக்கி வைத்துக்கொள்ளலாம்.

கேமராவில் பார்த்தாளாம். விடிந்ததும் ராமன் கன்னத்திலிருந்து பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வலை வழியே நீட்டியிருக்கிறான். வாய் கொள்ளாத சாப்பாடு, விடியும்வரை விழுங்கவில்லை. அவனுக்கா சாப்பாட்டுராமன் என்று பெயர்!

4

முடிவு ஒன்று: அக்கா மேலதிகாரிகளிடம் சொல்கிறாள். வலைக்குப் பதில் இரும்புத் தகடு வருகிறது. கிழங்கள் இரண்டும் முகம் பார்க்காமலே சாகும்.

முடிவு இரண்டு: மறைக்கிறாள். பல வருஷ உழைப்பு பாழ்.

முடிவு மூன்று: கூண்டுகள் திறக்கின்றன, எல்லோரும் காட்டை நோக்கி... (சினிமா. வேண்டாம்.)

"எதுக்குடா இவ்ளோ பெரிய முடிவெல்லாம்? சாயங்காலம் அவன் கன்னத்துல விரல விட்டு எடுத்துட்டாப் போதும். தகடும் வேண்டாம், ஆய்வும் கெடாது."

"அப்ப எடுத்துடு."

"கடிச்சாக்கூட எடுத்துடுவேன்டா. வாயத் தொறன்னு சொன்னா தொறந்துடறான். என்ன நம்பி."



5

நாளை மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். ராமன் வாயைத் திறந்து வைத்திருக்கிறான், ஒரு கன்னம் உப்பியிருக்கிறது. பக்கத்துக் கூண்டில் அரைவயிறன் வலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறான். அக்காவின் விரலை அந்த வாய்க்குள் நகர்த்தி எழுத என்னால் முடியவில்லை. கையுறை மேசைமேல் இருக்கிறது. வேண்டுமானால் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.