ஐந்து கட்டை

ஓத்திலியாவின் பேரனுக்கு ஞானஸ்நானம் முடிந்து, முற்றத்தில் ஆட்டுக்கறிச் சாப்பாடு பாதி நடந்துகொண்டிருந்தபோது யாரோ அந்தப் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். எர்மெலிந்தா எலுமிச்சைத் துண்டைக் கிண்ணத்தில் பிழிந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. பதினோரு வருடப் பழக்கம். நீலக் கதவைச் சாத்திக்கொண்டு, நேசித்தவனைத் தெருவில் நிறுத்திய எர்மெலிந்தாவைப் பற்றிய பாட்டு அது. அதைப் பாடாமல் ஊரில் ஒரு கல்யாணமும் முடிந்ததில்லை. ஊரில் நீலக் கதவு வைத்த எர்மெலிந்தா ஒருத்திதான்.

இன்று பாட்டைக் கட்டியவனே எதிர் மேசையில் இருந்தான். எல்லை தாண்டி வடக்கே போன ஃபிதென்சியோ போன வாரம்தான் திரும்பியிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. சோள ரொட்டியை முன்போலவே இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினான். அந்த ஓரத்துப் பாதி ஒரு காலத்தில் அவளுக்கு. அவள் அதைப் பார்த்திருக்கக் கூடாது.

கதவைச் சாத்தியது அவள் இல்லை. ஒரு விடியலில் அவள் சோளம் அரைக்கப் போயிருந்த நேரத்தில், அவன்தான் வெளியிலிருந்து இழுத்துச் சாத்திவிட்டுப் போனான். சந்தையில் அவள் சூப்புக் கடைக்கு வருகிறவர்கள்கூட, ஏன் அவனை உள்ளே விடவில்லை என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அவள் மறுத்ததில்லை. மறுத்தால் யார் நம்புவார்கள்? பாட்டு நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. அடுப்பில் பானையைக் கிளறும்போது அவளே அதைப் பாடியிருக்கிறாள். கடைசியில் வரும் 'திரும்பி வா' மட்டும் தொண்டையைத் தாண்டாது.

ஃபிதென்சியோ எழுந்து, விருந்துக்கு வாசிக்க வந்திருந்த மரியாச்சி இசைக் குழுவில் வயலின் வாசிக்கும் எபிஃபானியோவிடம் சுருதி இரண்டு கட்டை என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"என்ன எர்மெலிந்தா, இன்னிக்காவது கதவு திறந்திருக்கா?"

முற்றமே சிரித்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ உக்காரு. கறி ஆறிடும்." வயலின்காரரிடம் நடந்தாள். "அண்ணே, அஞ்சு கட்டைக்கு ஏத்துங்க. நான் பாடுறேன்."

"இது ஆம்பளப் பாட்டாச்சேம்மா."

"இவ்வளவு நாள் அப்படித்தான் இருந்துச்சு."

விருந்தாளி பாடுகிறேன் என்றால் மரியாச்சிக்காரர்கள் மறுக்கமாட்டார்கள். எபிஃபானியோ மற்றவர்களிடம் விரலால் சைகை காட்டினார். ஊதுகொம்பின் ஒலி எழுந்தது.

அவள் ஒரு சொல்லைத்தான் மாற்றினாள். தன் பெயர் வரும் இடத்தில் அவன் பெயரை வைத்தாள். தாளத்துக்கு ஓர் அசை குறைந்தது. இழுத்து நிரப்பினாள். மேசைகளில் சிரிப்பு அடங்கியது. ஓத்திலியா கரண்டியைக் கீழே வைத்தாள். பல்லவி வந்ததும் வழக்கம்போல ஆண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். சுருதி எட்டவில்லை. ஒவ்வொரு குரலாக உடைந்து உதிர்ந்தது. கடைசிவரை முயன்றது ஃபிதென்சியோவின் குரல். அதுவும் பாதி வரியில் இருமலாக முடிந்தது. அதன்பின் கதவைப் பற்றிய வரியை அவள் மட்டும் பாடினாள். தெருவரை கேட்டிருக்கும்.

'திரும்பி வா'வுக்கு முன்னால் வாத்தியங்கள் நிற்கும். எத்தனை நீளம் என்பது பாடுகிறவர் விருப்பம். நின்றன. ஃபிதென்சியோ தலை நிமிர்ந்தான். அவன் விரல் அந்தப் பாதி ரொட்டியைத் தட்டின் விளிம்புவரை அவள் பக்கமாகத் தள்ளியிருந்தது. அந்தச் சொல் நெஞ்சிலிருந்து கிளம்பி நாக்கு நுனிவரை வந்துவிட்டதை எர்மெலிந்தா உணர்ந்தாள். உப்புக் கரித்தது.

வில்கள் தந்திமேல் அசையாமல் காத்திருந்தன.

"முதல்லேருந்து, அண்ணே," என்றாள்.

எபிஃபானியோ அவளைப் பார்த்தார். பிறகு ஃபிதென்சியோவை. மெல்ல வில்லை உயர்த்தினார். எதிர் மேசையில், வெயில் பட்ட பாதி ரொட்டி ஓரம் சுருளத் தொடங்கியிருந்தது.