பன்னிரண்டடி வாசற்படி

பிரசவத்துக்கு டி. கல்லுப்பட்டித் தாய்வீட்டுக்குப் போன கனகலட்சுமி, திரும்பி வர ஒரே நிபந்தனைதான் விதித்திருந்தாள். கோச்சடை வீட்டின் சில்லிட்ட சிமென்ட் தரையில் பிள்ளையைத் தவழவிட மாட்டாள். மரத்தரை போட்டால் வருவாள்.

கணவன் ஜெயபாண்டி திருப்பரங்குன்றத்துப் பழைய மரக்கடையில் வழி கண்டான். இடித்த வீடுகளின் வாசற்படிக் கட்டைகள். அடுத்தவர் வாசற்படியை யாரும் தம் வீட்டில் வைப்பதில்லை என்பதால், அசல் தேக்கு விறகு விலைக்குக் கிடைத்தது. அறுத்து, இழைத்து, முன்னறை முழுவதும் தானே பதித்தான். இழைத்ததில் பழைய அழுக்கெல்லாம் போயிற்று, எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் பூசிய மஞ்சளின் கறையைத் தவிர.

அண்ணன் முத்திருளனுடன் காரில், இடுப்பில் பிள்ளையோடு வந்திறங்கிய கனகலட்சுமி, கறையைக் கண்டதும் வெளியிலேயே நின்றுவிட்டாள்.

“ஏங்க, இதுல எது வாசப்படி?”

“அம்புட்டும்,” என்றான் ஜெயபாண்டி பெருமையாக.

தூக்கிய காலை அவள் தெருவிலேயே ஊன்றினாள். வாசற்படியை மிதிக்கலாகாது, தாண்ட வேண்டும். இதன் அகலமோ பன்னிரண்டு அடி. வீட்டுக்குப் பின்வாசலும் இல்லை.

“பள்ளிக்கூடத்துல நீளம் தாண்டுனவன்டா நானு,” என்று வேட்டியை மடித்துக்கட்டி ஓடிவந்த முத்திருளன், விளிம்பில் நின்றுகொண்டான். “மாப்ள, அப்ப ஷூ போட்டிருந்தேன்.”

ஜெயபாண்டி காபி கொண்டுவந்து நீட்டினான்.

“வாசப்படிக்கு அங்கிட்டிருந்து நீட்டுனா எப்படி மாப்ள வாங்குறது?”

“கதவே இல்லாம இது எப்படி மச்சான் வாசப்படி ஆகும்?”

“கதவைக் கழட்டிட்டா சாமி போயிருமாக்கும்?” என்றாள் கனகலட்சுமி. “அண்ணே, வண்டியத் திருப்பு.”

இந்த விவாதத்துக்கிடையே அவள் இடுப்பிலிருந்து நழுவிய குழந்தை அஸ்வினி, உள்ளே தவழ்ந்து, நடு அறையில் உட்கார்ந்து, தும்மியது.

வாசற்படியில் தும்மினால் உடனே தலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஜெயபாண்டியின் கையில் இருந்தது காபி. கனகலட்சுமி தண்ணீர் பாட்டிலோடு பாய்ந்தாள். தெளித்து, பிள்ளையை வாரியெடுத்த பிறகே, தான் நிற்கும் இடம் அவளுக்கு உறைத்தது. ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

“இனி ஒரு மிதி கூடுனாலும் சாமி குத்தங்க. எது கிட்டக்க? தெருவா, அடுப்படியா?”

ஒவ்வொரு பலகையையும் தன் கையால் பதித்தவன் ஜெயபாண்டி. தெருதான் ஒரு பலகை கிட்டம்.

“அடுப்படி,” என்றான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, நுனிக்காலில் உள்ளே ஓடினாள்.

தெருவிலிருந்து முத்திருளன் கத்தினான்: “ஏத்தா, அப்ப ஒம் பொட்டிய நான் எந்தப் பக்கமாக் குடுக்க?”