உஷாரா, உதாரா?

சாமி கும்பிடப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான், நகரியில் தறியை நிறுத்திவிட்டு, பத்மாவதி திருப்பதிக்குக் கிளம்பினாள். மகள் மோனிகாவைப் பெண் கேட்டிருக்கும் ஷேர் ஆட்டோக்காரன் ஹேமநாத்தை, அவனுக்குத் தெரியாமல் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். சாயங்காலம் அவன் வீட்டாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். துணைக்கு நாத்தனார் செல்லியம்மா.

தரகர், "பையன் உஷாரு" என்றிருந்தார். ஆட்டோ ஸ்டாண்டு டீக்கடைக்காரரோ, "அவனா? சரியான உதாரு" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணி?" என்றாள் செல்லியம்மா.

"எப்டி ஒண்ணாவும்? உஷாருன்னா பள்ளம் வர்றதுக்கு முன்னாடியே பிரேக் புடிக்கிறவன். உதாருன்னா பள்ளத்துல வுட்டுட்டு, வேணும்னுதான் வுட்டேன்றவன்."

"எங்கண்ணன் மாதிரின்னு சொல்லுங்க."

"நீயே சொல்லிட்ட."

போட்டோவில் பார்த்த முகம், "திருச்சானூர், திருச்சானூர்!" என்று கூவிக்கொண்டிருந்தது. இருவரும் அவனுடைய ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்கள். ஹேமநாத் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துப் பேசிக்கொண்டே ஓட்டினான்.

"கூட்டத்தப் பாத்து பயப்படாதீங்கம்மா. என் பேரச் சொன்னா போதும், கோயில்ல நேரா உள்ள வுட்டுடுவாங்க."

செல்லியம்மா அண்ணியின் தொடையைக் கிள்ளினாள். "உதாரு!"

பத்மாவதி முன்னால் குனிந்தாள். "நெஜமாவா நைனா? எனக்கு முட்டி வீங்கிக்கீது, நிக்க முடியாது. யார்கிட்ட உன் பேரச் சொல்லணும்?"

ஹேமநாத் வேகத்தைக் குறைத்தான்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா. எனக்கு அங்க யாரையும் தெரியாது. சும்மா வுட்டேன்."

"எல்லார்கிட்டயும் இப்டித்தான் வுடுவியா?"

"வுடுவேன். சிரிச்சிட்டு எறங்கிடுவாங்க. நீங்க நம்பிட்டீங்களே! நம்பிக்கினு போய் நின்னா உங்க முட்டிதானே வலிக்கும்?"

திருச்சானூரில் இறங்கியதும் பூக்கடையில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டான். "கூட்டம் கொறையட்டும், அதுவரைக்கும் குந்துங்க." ஆட்டோவைத் திருப்பியவன் தலையை வெளியே நீட்டினான்.

"வர்றேன் அத்தே!"

அதுவரை அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

செல்லியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "அத்தேன்றான் அண்ணி! எப்ப கண்டுபுடிச்சான்? உண்மையச் சொன்னானே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அதாண்டி எனக்கும் தெரியல." பத்மாவதி சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள். "மோனிகா, அவங்கள வரச் சொல்லலாம். ஆனா வந்ததும் அவன ஒண்ணு கேக்கணும்."